சிக்னலில் கை நீட்டும் சிறுமி, கோயில் வாசல் பாட்டி: யாருக்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கிறேன். மகளைப் பள்ளியில் விடப் போகும்போதெல்லாம் சிக்னலில் ஒரு சிறுமி வண்டியைத் தட்டிக் காசு கேட்கிறாள். சற்றுத் தள்ளி, தூங்கும் கைக்குழந்தையோடு ஒரு பெண். "எல்லாம் கும்பல் வேலை, பத்து பைசா கொடுக்காதே" என்கிறார் கணவர். கோயில் வாசலில் உட்காரும் பாட்டிக்குக்கூடக் கொடுக்கக் கூடாதாம். "ஏம்மா கொடுக்கல?" என்று ஏழு வயது மகள் கேட்கிறாள். என்ன செய்யட்டும்?

பதில்: சிறுமிக்குக் காசு கொடுக்காதீர்கள். பாட்டிக்குத் தயங்காமல் கொடுங்கள்.

பெரியவர்கள் கேட்பதைவிடக் குழந்தை கேட்டால் நம் மனசு சீக்கிரம் இளகும். அதனால்தான் பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளையைச் சிக்னலில் நிறுத்துகிறார்கள். நாம் கொடுக்கும் பத்து ரூபாய் அவளை நாளைக்கும் அங்கேயே நிற்க வைக்கும். ஆனால் கொடுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழையுங்கள். எந்தச் சிக்னல், எந்த நேரம், குழந்தைக்கு என்ன வயதிருக்கும், என்ன உடை என்று சொன்னால் போதும். இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன்படி பிச்சையெடுக்கும் குழந்தை குற்றவாளி அல்ல, பராமரிப்பு தேவைப்படும் குழந்தை. மீட்கப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். பிச்சைக்காகக் குழந்தையைப் பயன்படுத்துபவருக்கு 5 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. அதே சட்டம், குழந்தையை விடுதியில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. ஆகவே தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்த பாவம் நமக்கு வருமோ என்று அஞ்சித் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கைக்குழந்தைக்காகவும் அழையுங்கள். அந்தப் பெண் பெற்ற தாயா இல்லையா என்று தெருவில் நின்று விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. யார் பிள்ளையானாலும் வெயிலிலும் புகையிலும் கிடக்கக் கூடாது.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். குழந்தைகளை வைத்துப் பிழைக்கும் கும்பல்கள் உண்டு, மறுக்கவில்லை. அதற்காகக் கை நீட்டுபவர் எல்லோரையும் கும்பலாகப் பார்ப்பது ஆபத்தானது. 2018 மே மாதம் 'பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்' என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோது, பழவேற்காட்டில் வீடற்ற ஒருவரை அடித்தே கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பத்தின் மூதாட்டி ஒருவரையும் கொன்றார்கள். சந்தேகம் ஊர் முழுக்கப் பரவினால் முதலில் அடிபடுவது கேட்க நாதியற்றவர்கள்தான். 'பிச்சைக்காரரின் மூட்டையில் லட்சக்கணக்கில் பணம்' என்று ஒரு செய்தி வந்தால் அதை ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒன்றுமில்லாமல் நடைபாதையில் செத்துப்போகிறவர்கள் செய்தியாவதில்லை.

இனி அந்தப் பாட்டி. முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் மாதம் 1,200 ரூபாய். விண்ணப்பிக்க ஆதார் வேண்டும், முகவரி வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். வீட்டை விட்டு வந்தவரிடம், அல்லது துரத்தப்பட்டவரிடம், இதில் எது இருக்கும்? நீங்கள் கொடுக்கும் இருபது ரூபாயில் அவர் டீ குடிக்கலாம், மாத்திரை வாங்கலாம், வெற்றிலை வாங்கலாம். அது அவர் இஷ்டம். கணக்குக் கேட்காதீர்கள். சாப்பாடு கொடுப்பதானால் "சாப்டீங்களா பாட்டி?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அமாவாசையன்று ஆளாளுக்குப் பொட்டலம் கொடுத்து, அது கெட்டுப்போய்க் கிடக்கும். மறுநாள் எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. செருப்பும், மார்கழிக்கு ஒரு போர்வையும் அவருக்கு அதைவிட உதவும். பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். தங்க இடம் வேண்டும் என்றால் மாநகராட்சி நடத்தும் வீடற்றோர் காப்பகம் பற்றி 1913-இல் கேட்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567. போக மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். பழகிய இடத்தை விட்டுப் போகப் பயப்படுவது இயல்பு.

தனக்குள் பேசிக்கொண்டு, கிழிந்த துணியோடு அலைபவரைப் பார்த்தால் மட்டும் காசும் சோறும் போதாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி, அப்படி அலைபவரைப் பாதுகாத்து அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காக அழைத்துப்போவது காவல்துறையின் கடமை. லாக்-அப்பில் வைக்கக் கூடாது. அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

கொடுத்தால் வழக்கு வருமா என்ற பயமும் சிலருக்கு இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 2025 தொடக்கத்திலிருந்து பிச்சை போடுபவர் மீதே வழக்கு என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆனால் தமிழ்நாட்டின் 1945-ஆம் ஆண்டுப் பிச்சைத் தடுப்புச் சட்டம் கேட்பவரைத்தான் குற்றவாளியாக்குகிறது. இதுவும் மாற வேண்டும் என்பதே என் கருத்து. டெல்லியில் அமலில் இருந்த இப்படியான சட்டத்தின் பிரிவுகளை 2018-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வறுமையால்தான் பிச்சையெடுக்கிறார்கள், தடை போட முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

மகளிடம், "அந்த அக்கா ஸ்கூலுக்குப் போகணும். காசு கொடுத்தா இங்கேயே நிக்க வெச்சுடுவாங்க. அதான் உதவி பண்றவங்களுக்கு போன் பண்ணியிருக்கேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். "ஒழுங்கா படிக்கலேன்னா நீயும் இப்படித்தான் நிப்பே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாட்டிக்குக் கொடுக்கும் காசை அவள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள், தட்டில் எறியாமல், குனிந்து. அந்தச் சிறுமியிடம் "காசு இல்லடா கண்ணா" என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். அடுத்த வாரமும் அவள் அங்கேயே நின்றால் மறுபடி 1098-ஐ அழையுங்கள்.