தம்பியோடு எதற்குச் சண்டை?

கேள்வி: நான் பல வருடமாக சாம்சங். தம்பி ஆப்பிளைத் தவிர எதையும் தொடமாட்டான். இயர்போன் துளை இல்லாத ஐபோனை சாம்சங் கிண்டல் செய்த விளம்பரத்தைக் காட்டினேன், இரண்டு நாளாகப் பேசவில்லை. யார் பக்கம் நியாயம்?

பதில்: இரண்டு பேர் பக்கமும் இல்லை. நீங்கள் காட்டியது 2017-ல் வந்த விளம்பரம். 2019-ல் சாம்சங்கின் நோட் 10 வந்தபோது அதிலும் அந்தத் துளை இல்லை. கேலி விளம்பரத்தை சாம்சங் தன் யூடியூப் சேனலிலிருந்து எடுத்தும்விட்டது. சார்ஜர் கதையும் இதேதான். 2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜர் கிடையாது என்று ஆப்பிள் அறிவித்ததும், எங்கள் போனோடு உண்டு என்று ஃபேஸ்புக்கில் போட்ட சாம்சங்காரர்கள், மூன்றே மாதத்தில் வந்த எஸ்21 பெட்டியில் தாங்களும் வைக்கவில்லை.

தம்பிக்கும் ஒன்று சொல்லுங்கள். 2011-ல் ஆப்பிள் சாம்சங் மேல் வழக்குப் போட்டது, அடுத்த வருடம் அமெரிக்க ஜூரி 105 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது, இழுத்து இழுத்து 2018-ல்தான் சமரசம். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2017-ல் வந்த ஐபோன் 10-ன் திரையைச் செய்து கொடுத்தது யார்? சாம்சங். கோர்ட்டில் மோதியவர்கள் வியாபாரத்தை ஒரு நாளும் நிறுத்தவில்லை, நீங்கள் கூடப்பிறந்தவனோடு பேச்சை நிறுத்திவிட்டீர்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

கம்ப்யூட்டர் பக்கமும் அப்படித்தான். 2006-லிருந்து 2009 வரை ‘நான் மேக்’ (ஆப்பிளின் கம்ப்யூட்டர்) என்று ஆப்பிள் விளம்பரங்களில் வந்த நடிகர் ஜஸ்டின் லாங், 2021-ல் கம்ப்யூட்டர் சிப் செய்யும் இன்டெலுக்காக மேக்கைக் குறை சொல்லி நடித்தார். அவர் மேல் தப்பில்லை, நடிப்பு அவர் தொழில், சம்பளம் வாங்கினார். நீங்கள் இருவரும் கைக்காசைக் கொடுத்து போனை வாங்கிவிட்டு அந்த நிறுவனங்களுக்காக வாதாடவும் செய்கிறீர்கள்.

சரி, அடுத்த போன் வாங்கும்போது இரண்டு பேரும் சேர்ந்தே கடைக்குப் போங்கள். பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வரும் (எஸ்24-க்கு 7 வருடம் என்று சாம்சங் சொல்லியிருக்கிறது), பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும், உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கு முன்னால், இன்றைக்கே தம்பிக்கு ஒரு போன் போடுங்கள்.