தோள் இறுகியதா, கிழிந்ததா?

சுன்னாகத்திலிருந்து 54 வயது வாசகி கேட்கிறார்: 'சைக்கிளில் வழுக்கி விழுந்து ஏழு கிழமை. எக்ஸ்றேயில் முறிவு இல்லை, மூட்டும் விலகவில்லை என்றார்கள். மூன்று கிழமை கையைத் தொங்கல் கட்டில் வைத்திருந்தேன். இப்போது கொடியில் உடுப்புக் காயப்போடக்கூட வலக்கை எழும்பவில்லை. சீனி வருத்தமும் இருக்கிறது. வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்?'

முதலில் ஒன்றைப் பாருங்கள். மல்லாக்கப் படுத்து, இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தலைப்பக்கமாக மெதுவாக உயர்த்துங்கள். பாதியில் இறுகி நின்றால் மூட்டின் உறை சுருங்கியிருக்கிறது. அசைக்காமல் வைத்த தோளுக்கு இது வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதலாக வரும், இளகவும் நாளாகும். மாறாக, இடக்கை உதவினால் முழுக்கப் போகிறது, எழுந்து நின்று தானாகத் தூக்கினால்தான் ஏலாது என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம். எக்ஸ்றேயில் அது தெரியாது. அப்படியென்றால் பயிற்சியைத் தள்ளி வைத்து வைத்தியரிடம் போய் ஸ்கான் பற்றிக் கேளுங்கள். கை விறைத்தாலும், காய்ச்சலோடு தோள் வீங்கினாலும் பொறுத்திருக்க வேண்டாம்.

சரி, இறுக்கம்தான் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் சுடுநீர் ஒத்தணம் பிடியுங்கள். சூட்டை முதலில் வீட்டில் வேறு ஒருவரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள், சீனி வருத்தக்காரருக்குச் சில வேளை சூடு உறைக்காது. அப்புறம் குசினி மேசையில் இடக்கையை ஊன்றிக் குனிந்து, வலக்கையைக் கிணற்றில் தொங்கும் வாளிபோல விடுங்கள். கையை ஆட்டாதீர்கள். உடம்பை ஆட்டினால் கை தன்பாட்டில் ஆடும். ஒரு நிமிடம் போதும்.

அடுத்தது சுவர். விரல்களால் சுவரில் ஏறுங்கள். தோள் காதை நோக்கி எழும்பினால் அதற்குமேல் போகாதீர்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். கிழமைக்கு அரை அங்குலம் ஏறினாலே நல்ல முன்னேற்றம்.

பலரும் விட்டுவிடுவது மூன்றாவதை. எனக்கோ அதுதான் முக்கியம். மல்லாக்கப் படுத்து, வலது முழங்கையை மடித்து விலாவோடு ஒட்டி, அடியில் மடித்த துவாயை வையுங்கள். தும்புத்தடியின் காம்பை இரு கையாலும் பிடித்து, இடக்கையால் வலக்கையை வெளிப்பக்கம் தள்ளுங்கள். முழங்கை விலாவை விட்டு விலகக்கூடாது. 20 விநாடி நிறுத்தி ஐந்து தரம், காலையும் மாலையும். கையை வெளிப்புறம் திருப்பும் இந்த அசைவுதான் இறுகிய தோளில் பெரும்பாலும் கூடுதலாகக் குறையும். அது திரும்பாமல் கை மேலே போவதும் கஷ்டம்.

இழுக்கும்போது கொஞ்சம் நோகும், பரவாயில்லை. அந்த நோ இரவு முழுக்க நின்றாலோ, மறுநாள் காலை கை முன்னையதிலும் இறுகினாலோ நேற்றுச் செய்ததில் பாதி செய்யுங்கள். எண்ணெய் பூசித் தடவுவதில் எனக்குப் பகையில்லை. ஆனால் யாரையும் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்க விடாதீர்கள்.

முதுகுக்குப் பின்னால் கை போவது கடைசியில்தான் வரும், அதை இப்போது தொடவே வேண்டாம். ஆறு கிழமையாகியும் பென்சில் கோடு ஏறாவிட்டால் ஓர் இயன்மருத்துவரிடம் காட்டுங்கள்.