வாசகர் கேள்வி–பதில்: இருபத்தெட்டாம் கட்டம்

அமெரிக்க ராணுவத்தில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் வெளிப்படையாகப் பணிபுரிந்தால் கட்டுப்பாடு குலைந்துவிடும் என்று அடித்துச் சொன்னார்களே, சிப்பாய்களிடம் யாராவது கேட்டார்களா? (வாசகி, கும்பகோணம்)

கேட்டார்கள். 2010-ல் பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, 4 லட்சம் படையினருக்குக் கேள்வித்தாள் அனுப்ப, சுமார் 1,15,000 பேர் பதில் எழுதினார்கள். அப்போது அமலில் இருந்தது 1993-ல் வந்த 'கேட்காதே, சொல்லாதே' சட்டம். அதிகாரி கேட்கக் கூடாது. சிப்பாய் தானாகச் சொல்லிவிட்டால் வேலை போய்விடும். இந்தச் சட்டத்தை எடுத்துவிட்டால் நல்லதுதான், அல்லது நல்லதும் கெட்டதும் கலந்திருக்கும், அல்லது ஒன்றும் ஆகாது என்றவர்கள் ஏறக்குறைய 70 சதவீதம்.

மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நேரடிச் சண்டைக்குப் போகும் மரீன் (கடல்வழித் தாக்குதல் படை) பிரிவுகளில் 58 சதவீதம் பேர், தரைப்படைச் சண்டைப் பிரிவுகளில் 48 சதவீதம் பேர் 'கெடுதல்தான்' என்றார்கள். அதே தாளில் இன்னொரு கேள்வியும் இருந்தது: தன்பாலின ஈர்ப்பாளர் என்று நீங்கள் நினைக்கும் ஒருவரோடு வேலை பார்த்திருக்கிறீர்களா, பிரிவு எப்படி இயங்கியது? பார்த்திருக்கிறோம் என்றவர்களில் 92 சதவீதம் பேர் நன்றாகவே இயங்கியது, இல்லையென்றால் சுமாராக இயங்கியது என்று எழுதினார்கள். சண்டைப் பிரிவு மரீன்களில்கூட இது 84 சதவீதம். பழகியவர்கள் சொன்னதும் ஊகித்தவர்கள் சொன்னதும் இவ்வளவு தள்ளி நின்றதுதான் அந்த அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒரே குளியலறை, ஒரே கூடாரம். இதற்கு என்ன செய்தார்கள்? (வாசகர், தென்காசி)

தனி ஏற்பாடு வேண்டாம் என்று பென்டகனின் ஆய்வுக்குழு தெளிவாகச் சொல்லிவிட்டது. தனிக் குளியலறை கட்டினால் செலவும் தலைவலியும் ஒருபுறம், ஆளை முத்திரை குத்துவது மறுபுறம். இத்தனை வருடம் ஒரே இடத்தில்தானே குளித்துக்கொண்டிருந்தார்கள்! சட்டத்தை நீக்கும் மசோதாவில் 2010 டிசம்பர் 22-ல் அதிபர் கையெழுத்திட்டார். தடை விலகியது 2011 செப்டம்பர் 20-ல். இடைப்பட்ட மாதங்களில் மூன்று அடுக்காகப் பயிற்சி நடந்தது: முதலில் சட்ட அதிகாரிகளும் மதகுருமார்களும், அடுத்து தளபதிகள், பிறகு எல்லாச் சிப்பாய்களும். உன் நம்பிக்கையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, நடத்தையில் ஒழுங்கு வேண்டும் என்பதே பாடம். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு போகவும் வழி வைக்கவில்லை.

முன்பே வெளியேற்றப்பட்டவர்களின் கதி? (வாசகர், ஈரோடு)

அந்தச் சட்டத்தின் கீழ் மட்டும் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு வினை, கையில் கொடுத்தனுப்பிய டிடி-214 என்ற பணி விடுவிப்புச் சான்றுத் தாள். 24-ஆம் கட்டத்தில் பணியின் தரம், 27-ல் மறுபடி சேரலாமா என்ற குறியீடு, 28-ல் வெளியேறிய காரணம். வேலை கேட்டுப் போகும் இடத்தில் முழுப் பிரதியை நீட்டினால் 28-ஆம் கட்டமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

திருத்த வழி உண்டு. வெளியேறி 15 ஆண்டுக்குள் என்றால் டிடி-293 படிவம், மறுஆய்வு வாரியத்துக்கு. அதைத் தாண்டிவிட்டால் டிடி-149, ஆவணத் திருத்த வாரியத்துக்கு. இதற்கு 3 ஆண்டுக் கெடு ஒன்று இருந்தாலும், நியாயம் கருதி வாரியமே அதைத் தளர்த்தலாம். மனு ஏற்கப்பட்டால் காரணம் 'துறைச் செயலரின் அதிகாரப்படி' என்று மாறும். மறுசேர்க்கைக் குறியீடும் மாறும்.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். வெளியேற்றத்துக்கு இந்தக் கொள்கை மட்டுமே காரணமாக இருக்க வேண்டும். கோப்பில் வேறு ஒழுங்கீனமும் பதிவாகியிருந்தால் மனு எளிதில் தேறாது. இன்னொன்று, 1993-க்கு முன்பே இதே காரணத்துக்காக வெளியேற்றப்பட்ட பழைய ஆட்களுக்கு. 1973-ல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகம் தீப்பிடித்ததில் 1960-க்கு முன் தரைப்படையிலிருந்து வெளிவந்தவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போய்விட்டது. கோப்பே இல்லாதவர் வீட்டில் இருக்கும் பழைய தாள், கடிதம் எதையும் தூக்கிப் போடாமல் மனுவோடு இணைக்க வேண்டும்.

நம் ராணுவத்தில்? (வாசகி, மதுரை)

தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, வயதுவந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6-ல். நான்கே மாதம் கழித்து, ராணுவத்தில் இதை அனுமதிக்க மாட்டோம் என்றார் அப்போதைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத். படையினரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் குறைக்க அரசியல் சாசனத்தின் 33-ஆம் பிரிவு இடம் தருகிறது. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு அதிகாரிக்குத் தகாத நடத்தையைத் தண்டிக்கிறது. 46-ஆம் பிரிவில் 'இயற்கைக்கு மாறான' இழிநடத்தைக்கு 7 ஆண்டு வரை சிறை. தன்பாலின ஈர்ப்பு என்ற சொல் இரண்டிலும் கிடையாது. 'இயற்கைக்கு மாறான' என்பதற்கு என்ன பொருள் என்று முதலில் முடிவு செய்வது குற்றம் சாட்டும் மேலதிகாரிதான்.