நீரிழிவு உள்ளவர் நிபுணரை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

நீரிழிவு வந்து மூன்று வருடமாகிறது, மாதாமாதம் கிளினிக்கில் மருந்து எடுக்கிறேன், இதற்கு மேல் நிபுணர் ஒருவரையும் பார்க்க வேண்டுமா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் விடியற்காலையில் எழுந்து, வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்து, நம்பர் துண்டுடன் வாங்கில் காத்திருந்து, மருந்துப் பையோடு வீடு திரும்புகிறவராகத்தான் இருப்பீர்கள். கிளினிக் கொப்பியில் ஒரு மாதமும் விடுபட்டிருக்காது. அதைப் புரட்டும்போது மனதுக்கு ஒரு நிம்மதி வரும். எனக்கும் அந்த நிம்மதி ஏழு வருடம் இருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வைத்தியர் இல்லை. திருகோணமலையில் 31 வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். 2011 ஆகஸ்டில், 46 வயதில், எனக்குச் சீனி வருத்தம் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து ஒரு கிளினிக் நாளையும் தவறவிட்டதில்லை. வெறும் வயிற்றுச் சீனியின் அளவை மாதாமாதம் குறித்து வரைபுத்தாளில் கோடும் போட்டு வைத்திருந்தேன். 112, 118, 109 என்று அழகாக ஓடும். வைத்தியர் பார்த்து, "நல்லது, இப்படியே இருங்கள்" என்பார். நிபுணரிடம் போக வேண்டுமா என்று நானும் உங்களைப் போல ஒருமுறை கேட்டேன். சீனி கட்டுப்பாட்டில் இருக்கும்போது தேவையில்லை என்றார். அவர் சொன்னது அவர் முன்னால் இருந்த எண்ணுக்குச் சரியான பதில்தான்.

அந்த எண் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். கிளினிக்குக்கு நான்கு நாள் இருக்கும்போதே சோற்றைப் பாதியாக்கிவிடுவேன். மாலைத் தேநீரில் சீனி போடமாட்டேன். கிளினிக் முடிந்த அன்று பின்னேரம் கிண்ணியாத் தயிரும் பாணியும் மேசைக்கு வந்துவிடும். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் படிக்கிற பிள்ளைகளை எத்தனை தடவை கண்டித்திருப்பேன். அதையே ஏழு வருடம் நானும் செய்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நீங்களும் அப்படிச் செய்கிறீர்களோ என்ற பயம் கூச்சத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

2018 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மகளும் மூன்று வயதுப் பேரனும் நானும் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டை வாசலால் உள்ளே போய், மேலே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். பூசை முடிந்து வெளியே வரும்போது நண்பகல் தாண்டிவிட்டது. கோயில் இருக்கும் சுவாமி மலையின் கல் அந்த வெயிலில் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பேரன் இரண்டு அடி வைத்ததும் அழத் தொடங்கினான். "அம்மம்மா, கல் சுடுகிறது" என்றான். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லிலேயே நின்றேன். கடல் தெரியும் பக்கமாகப் போய் இராவணன் வெட்டு என்ற மலைப் பிளவைக் காட்டினேன். கப்பல் ஒன்று போனது, அதையும் காட்டினேன். சின்னப் பிள்ளையின் பாதம் மெல்லியது, அதனால்தான் சுடுகிறது என்று நினைத்தேன். என் பாதத்துக்கு ஒன்றும் தெரியவில்லை.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். இறங்கி வரும் வழியில் கோட்டைக்குள் மான்கள் நின்றன. அதில் ஒன்று சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீனை மென்றுகொண்டிருந்தது. மகள் அதைப் பறித்தெடுக்கப் பார்த்தாள், விடவில்லை. தூர ஊர்களிலிருந்து பஸ் பிடித்துச் சுவாமி கும்பிட வருகிறவர்கள், சாப்பிட்ட பார்சலை வாயில்லாப் பிராணியின் முன்னால் எறிந்துவிட்டுப் போகிறார்கள். கடைகளில் வாங்கும் தீனியைப் பையோடு நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நகருக்குள் மான் திரிவது எத்தனை ஊருக்குக் கிடைத்த பாக்கியம்? உள்ளூர்க்காரர்களான நாங்களும் திறமில்லை. குப்பைப் பையை இரவிலேயே வாசலில் வைக்கிறோம், விடிவதற்குள் மான் கிழித்துவிடுகிறது. இதைப் பற்றி வாய் திறந்தால் எங்கள் ஒழுங்கையில் என்னைச் சண்டைக்காரி என்கிறார்கள். சரி, விடுகிறேன்.

அன்று இரவு மகள் கூடத்தில் விளக்கைப் போட்டாள். சீமெந்துத் தரையில் குசினியிலிருந்து என் கட்டில் வரைக்கும் ஈரத் தடம். நான் கால் கழுவிவிட்டு வந்ததாக நினைத்துத் துடைக்கத் துணி எடுத்தவள், குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். "அம்மா, நீங்கள் எதை மிதித்தீர்கள்?" இரண்டு பாதத்திலும் கொப்புளம் எழும்பி, வலது பாதத்தில் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அவள் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. வலியே இல்லை.

வைத்தியசாலையில் ஒன்பது வாரம் மருந்து கட்டினார்கள். விரல் போகவில்லை. அது கடவுள் செயலும் காயம் கட்டிய தாதிமாரின் கைராசியும் என்று இன்றும் நம்புகிறேன். அங்கேதான் ஓர் இளம் வைத்தியர் கைபிடி ஒன்றில் பொருத்திய நைலோன் இழையை எடுத்து வந்தார். மீன்பிடி நரம்பு போலவே இருந்தது. அதைத் தோலில் வைத்து அது வளையும்வரை அழுத்தினால் 10 கிராம் அழுத்தம், அது தெரிந்தால் காயம்படாமல் பாதத்தைக் காக்கிற உணர்ச்சி இருக்கிறது என்று விளக்கினார். கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பத்து இடங்களில் தொட்டாராம். நான் மூன்று தடவைதான் "தெரிகிறது" என்றேன். மற்ற ஏழு இடங்களில் அவர் தொட்டதே எனக்குத் தெரியாது.

அன்று கட்டிலில் படுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். ஏழு வருடத்தில் கிளினிக்குக்குப் போனது எண்பது தடவைக்குக் குறையாது. அந்த எண்பதில் ஒரு தடவைகூட நான் செருப்பைக் கழற்றியதில்லை. கழற்றச் சொல்லவும் இல்லை, நானாகக் காட்டவும் இல்லை.

இதைப் படித்துவிட்டு, இலவசமாக மருந்து தருகிறவர்களைக் குறை சொல்கிறாள் என்று யாராவது எழுதுவார்கள். அது என் எண்ணமே இல்லை. அரச வைத்தியசாலையின் இலவச மருந்தில்தான் நான் இன்றும் இருக்கிறேன். வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் காலையில், ஒவ்வொருவரின் காலையும் தூக்கிப் பார்க்க அந்த ஒரு வைத்தியருக்கு நேரம் எங்கே? அதனால்தான் எது எப்போது பார்க்கப்பட வேண்டும் என்பது நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

காயத்தோடு சேர்த்து எச்.பி.ஏ.1சி என்ற இரத்தப் பரிசோதனையையும் செய்வித்தார்கள். அதுவரை எனக்கு அது செய்யப்படவில்லை. 9.4 வீதம். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அந்தக் காலம் முழுதும் அதில் ஒட்டும் சீனியைத்தான் இந்தப் பரிசோதனை அளக்கிறது. ஆகவே கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி அப்படியே வெளியே வந்துவிடும், நான்கு நாள் பட்டினி அதனிடம் பலிக்காது. பெரும்பாலான வளர்ந்தவர்களுக்கு 7 வீதத்துக்குக் கீழே வைத்திருக்கச் சொல்வார்கள். என் வரைபுத்தாள்கள் இன்னும் அலுமாரியில் இருக்கின்றன, அதற்குப் பிறகு எடுத்துப் பார்க்கவில்லை.

அதன் பிறகு கண். துளி விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்ததில் இரண்டு விழித்திரையிலும் பாதிப்பு இருந்தது. வலது கண்ணுக்கு லேசர் செய்தார்கள். இவ்வளவும் நடக்கும்போது நான் மூக்குக்கண்ணாடியுடன் பத்திரிகை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். விழித்திரை பழுதாகும்போது தொடக்கத்தில் வலியும் இல்லை, மங்கலும் இல்லை. மங்கிய பிறகு போனால், லேசர் இருக்கிற பார்வையைக் காப்பாற்றுமே தவிர, போனதைத் திருப்பித் தராது.

மகள் அத்தோடு விடவில்லை. இரவு ரயிலில் கொழும்புக்குக் கூட்டிப்போய், அகஞ்சுரப்பியியல் நிபுணர் (நீரிழிவு, ஓமோன் நோய்களைப் பார்க்கிறவர்) ஒருவரிடம் பணம் கட்டிக் காட்டினாள். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே பத்து நிமிடம்கூட இருந்திருக்க மாட்டோம், ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் அதற்குள் பதில் சொல்லிவிட்டார். மாதாமாதம் தன்னிடம் வரத் தேவையில்லை, ஊர்க் கிளினிக்கை விடவேண்டாம், வரும்போது வெறும் கையோடு வராமல் எச்.பி.ஏ.1சி, சிறுநீர், கண், பாதம் ஆகிய நான்கின் முடிவுகளையும் கொண்டுவாருங்கள் என்றார். சீனி கட்டுப்பாட்டுக்குள் வரும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனேன், பிறகு ஆறு மாதம், இப்போது வருடம் ஒன்று.

அவரிடம் கேட்டதும் பிறகு நானாக அறிந்துகொண்டதும் இவைதான். எச்.பி.ஏ.1சி, மருந்து மாற்றியிருந்தாலோ அளவு இறங்காமல் இருந்தாலோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நிலையாக இருந்தால் வருடத்துக்கு இரண்டு தடவையாவது. கண், உங்களைப் போல இரண்டாம் வகை நீரிழிவு என்றால் (அதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன்) நோய் தெரிந்த உடனேயே ஒருமுறை, பிறகு வருடாவருடம். ஏன் உடனே என்றால், இந்த நோய் பல வருடம் சொல்லாமல் உடம்புக்குள் இருந்துவிட்டுத்தான் பிடிபடுகிறது. பாதிப்பில்லை என்றால் கண் வைத்தியரே இடைவெளியைக் கூட்டலாம், இருந்தால் குறைப்பார். சிறுநீரகம் பழுதாகிறதா என்று அறிய, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பதையும், இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவையும் வருடத்துக்கு ஒருமுறை. கிரியாட்டினின் மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று இருந்துவிடாதீர்கள், சிறுநீரில் புரதம் அதற்கு முன்பே வரத் தொடங்கலாம்.

பாதம் வருடத்துக்கு ஒருமுறையாவது முழுமையாக. என்னைப் போல உணர்ச்சி குறைந்தவர் ஒவ்வொரு கிளினிக் நாளிலும் காட்ட வேண்டும். வீட்டில் தினமும். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேரன் டோர்ச் லைட்டுடன் வந்து விரலிடுக்கெல்லாம் பார்ப்பான். போன மாசியில் இடது குதிகாலில் முள் ஒன்றைக் கண்டுபிடித்ததும் அவன்தான்.

நிபுணரிடம் நேரே போக வேண்டியவர்களும் இருக்கிறார்கள். முதலாம் வகை நீரிழிவுக்காரர், பிள்ளை தங்கிய பெண்கள், பிள்ளை பெறத் திட்டமிடுகிறவர்கள், மருந்தைக் கூட்டிக் கூட்டியும் பல மாதமாக அளவு இறங்காதவர்கள், இரத்தச் சீனி அடிக்கடி 70 mg/dLக்குக் கீழே போய் வியர்த்து நடுங்குகிறவர்கள், காரணமில்லாமல் உடம்பு மெலிகிறவர்கள். பாதத்தில் புண் என்றால் மாதக் கணக்கே இல்லை, அன்றைக்கே போங்கள். மற்றவர்களுக்கு அக்கறையுள்ள பொது வைத்தியரும் ஒழுங்கான பரிசோதனைகளும் போதும் என்பது என் அபிப்பிராயம். தனியாரிடம் பணம் கொட்டச் சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். இந்தப் பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிளினிக் வைத்தியரே கடிதம் தருவார், கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

2020 ஊரடங்கில் கிளினிக் மருந்து தபாலில் வீடு தேடி வந்தது. அந்த நேரத்தில் அது பெரிய உதவி, மறக்கமாட்டேன். ஆனால் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பேர் அதற்குப் பழகி, பிறகும் பிள்ளையை அனுப்பியே மருந்து எடுப்பித்தார்கள். 2022இல் எரிபொருளும் இல்லை, மருந்தும் தட்டுப்பாடு. அப்போது மாத்திரையைப் பாதியாக உடைத்து நாளைக் கடத்தினார்கள். இருவரில் ஒருவருக்கு இப்போது வலது காலில் இரண்டு விரல் இல்லை. மருந்துப் பை வீட்டுக்கு வந்தால் வைத்தியம் நடக்கிறது என்ற எண்ணம்தான் என்னையும் அவரையும் கெடுத்தது.

கோயிலுக்குச் செருப்போடு போகச் சொல்கிறாயா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: நான் இன்றும் கோணேசரிடம் போகிறேன், காலைப் பூசைக்கு. கல் குளிர்ந்திருக்கும். வெயில் ஏறிவிட்டால் தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்கிறேன். இதுவரை யாரும் என்னைத் தடுத்ததில்லை.

இப்போது உங்கள் கொப்பியை எடுத்துப் பாருங்கள். மருந்து எழுதிய பக்கங்களை விடுங்கள். கண், பாதம், சிறுநீர், எச்.பி.ஏ.1சி, இந்த நான்கும் கடைசியாகப் பார்த்த திகதி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நான் பயப்பட்டது வீண், சந்தோஷம். இல்லையென்றால் அடுத்த கிளினிக்கில் இருக்கையில் உட்காரும்போதே செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். கண்ணுக்குத் துளி விடும் நாளில் மட்டும் தனியாகப் போகவேண்டாம், சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், வெயிலில் கண் கூசும். எனக்கு வருகிற செவ்வாய் கண் கிளினிக். மகள் லீவு எடுத்துவிட்டாள்.