கோத்தகிரிப் பக்கம் தோட்டம் வாங்கியிருக்கிறேன். இரவில் சிறுத்தை, நரி போன்றவற்றை வேட்டையாடப் பழகுவது எப்படி?

கேள்வியிலிருந்து நான் புரிந்துகொள்வது இதுதான். உங்களுக்குச் சமவெளியில் வேலை. கோத்தகிரிக்கு அருகே கொஞ்சம் தேயிலையும் ஒரு வீடும் வாங்கி, விடுமுறை நாட்களில் வந்து தங்குகிறீர்கள். வளர்த்த நாயைச் சிறுத்தை தூக்கிச் சென்றிருக்கிறது, கோழிகளும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. இதற்கிடையே, அமெரிக்காவில் சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு, அடிபட்ட முயலின் அலறலை ஒலிபெருக்கியில் விட்டு, கயோட்டி என்னும் ஓநாயினத்தை இரவில் சுடும் காணொளிகளைப் பார்த்திருக்கிறீர்கள்; இங்கே அதை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

இங்கே அதைத் தொடங்க முடியாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் கயோட்டியை ஆண்டு முழுவதும் சுடலாம். இரவு வேட்டைக்கான விதிகள் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. பலரும் கவனிக்காத ஒன்று, அந்தச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் வரையறை: கொல்வது மட்டுமன்று, விஷம் வைப்பதும், கண்ணி வைப்பதும், விரட்டுவதும், இரை வைத்துக் கவர்வதும், இவற்றுக்கான முயற்சியும்கூட வேட்டைதான். ஆகவே, துப்பாக்கியே இல்லாமல் ஓர் ஆட்டுக்குட்டியைக் கட்டி வைத்துவிட்டு மாடியில் அமர்ந்திருந்தாலும் நீங்கள் வேட்டையாடியவராகவே கருதப்படலாம். சிறுத்தையும் புலியும் அந்தச் சட்டம் மிகக் கடுமையாகக் காக்கும் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றுக்கான தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டு வரை நீளக்கூடிய சிறை. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்கு விலக்கு உண்டு என்பது உண்மை; ஆனால் தேடிப் போய்ப் பரண் கட்டி அமர்ந்தவர் அந்த விலக்கைக் கேட்க முடியாது.

ஆட்கொல்லியைச் சுடுகிறார்களே என்று யாராவது பின்னூட்டத்தில் கேட்பார் என்பது எனக்குத் தெரியும். சுடுகிறார்கள்தான், ஆனால் அதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ ஆணை வேண்டும். 2014 ஜனவரியில் தொட்டபெட்டா வட்டாரத்தில் மூவரைக் கொன்ற புலி அப்படித்தான் சுடப்பட்டது. 2021இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் தேடப்பட்ட, வனத்துறை டி23 என்று எண்ணிட்ட புலிக்கும் ஆணை பிறந்தது; விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் அந்த ஆண்டு அக்டோபரில் மயக்க ஊசி செலுத்தி உயிருடன் பிடித்தார்கள். யானைகளும் மோப்ப நாய்களும் பயிற்சி பெற்ற ஆட்களும் சேர்ந்தே வாரக்கணக்கில் திண்டாடிய வேலை அது.

வெள்ளைக்காரர் காலத்தைச் சுட்டிக்காட்டுகிறவர்களும் உண்டு. ஊட்டிக்கு அருகே உள்ள வென்லாக் புல்வெளியில் குதிரையேறி, நாய்க்கூட்டத்தை ஏவி, அவர்கள் நரி வேட்டையாடியது உண்மை. புலிக்கும் செந்நாய்க்கும் அரசே வெகுமதி கொடுத்ததும் உண்மை. ஆனால் சுட்டுத் தீர்த்தால் ஒன்றும் மிஞ்சாது என்று கண்டு, 1877இலேயே இங்கே வேட்டையாடிகள் தாங்களே ஒரு சங்கம் வைத்தார்கள். 1879இல் நீலகிரிக்கென்றே தனிச் சட்டம் வந்தது. உரிமமும், இன்ன மாதத்தில் சுடக்கூடாது என்ற தடையும் அப்போதே புகுந்துவிட்டன.

என்னை வனத்துறையின் ஆள் என்றோ, துப்பாக்கியைக் கண்டால் நடுங்குபவன் என்றோ எண்ண வேண்டாம். என் தந்தை உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். பன்றி விரட்ட வானத்தை நோக்கி வெடிப்பார். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, திரும்பப் பெற அவர் எத்தனை முறை அலைந்திருப்பார் என்பதைத் தனியாகவே எழுதலாம். கட்சிக் கொடி கட்டிய வண்டிகளை நிறுத்திச் சோதிக்காதவர்கள், எழுபது வயதுத் தேயிலை விவசாயியின் துருப்பிடித்த துப்பாக்கியால் தேர்தல் கெட்டுவிடும் என்று நம்பினார்கள். அது கிடக்கட்டும்.

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், சோலூர்மட்டத்துக்குப் போகும் வழியில் உள்ள எங்கள் தோட்டத்தில் நடந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் ஒரே பருவத்தில் இரண்டு நாய்களை இழந்திருந்தார்; அவருடைய கோழிகளும் எங்கள் கோழிகளும் காணாமற்போய்க்கொண்டிருந்தன. மலையடிவாரத்திலிருந்து நாட்டுத் துப்பாக்கியும் பேட்டரி விளக்குமாக ஒருவரை அவர் வரவழைத்துவிட்டு, ஓடையைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் மொட்டை மாடியை ஓர் இரவுக்குக் கேட்டார். நான் மறுத்தேன். உங்கள் வீட்டுக் குழந்தையைத் தூக்கினால்தான் உங்களுக்குப் புரியும் என்று அவர் சொன்ன சொல், என் மனைவியின் காதில் விழும்படியே சொல்லப்பட்டது. எது வருகிறது, எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்பதை முதலில் பார்ப்போம், அதுவரை பொறுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வேட்டைத் தடுப்புக் காவலராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்ந்த இருளர் பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரை அழைத்து வந்தேன். பகலில் தோட்டத்தைச் சுற்றியவுடன் அவர் முதலில் காட்டியது சிறுத்தையின் தடத்தை அன்று. வேலியோரம் பன்றிக்காக யாரோ வைத்திருந்த, வண்டியின் கிளட்ச் கம்பியில் செய்த சுருக்கை. பன்றிக்கென்று வைக்கும் இந்தச் சுருக்கில்தான் இடுப்பு சிக்கிச் சிறுத்தைகள் துடிக்கின்றன; அப்படிச் சிக்கிய சிறுத்தையை நெருங்குவதைவிட ஆபத்து வேறில்லை. அதை அறுத்தெடுத்து வனச்சரக அலுவலகத்தில் கொடுத்தோம். பிறகு, எதிரே அசைவு கண்டால் தானே படமெடுக்கும் தானியங்கிக் கேமராக்களைச் சில்வர் ஓக் மரங்களில் முழங்கால் உயரத்தில் கட்டினோம். கூடவே, பனி இல்லாத இரவுகளில் மாடியிலும் அமர்ந்தோம்.

படங்களைப் பார்த்தபோது பக்கத்துத் தோட்டக்காரரும் வாயடைத்துப் போனார். கோழிகளைத் தூக்கியது மரநாய்; கூட்டின் கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையே இருந்த கையகல இடைவெளி அதற்குப் போதுமானதாக இருந்தது. சிறுத்தை வந்தது உண்மை, ஆனால் எங்கள் கோழிக்கூட்டை அது திரும்பியும் பார்க்கவில்லை. மேலே இருக்கும் ஒரு தங்கும் விடுதி தினமும் கோழிக்கழிவைச் சரிவில் கொட்டுகிறது. அதைத் தின்னத் தெருநாய்கள் கூடுகின்றன. நாய்களுக்காகச் சிறுத்தை எங்கள் வழித்தடத்தில் நடந்து போகிறது. ஒவ்வொரு சிறுத்தைக்கும் உடற்புள்ளிகளின் அமைப்பு வேறு, வலப்பக்கமும் இடப்பக்கமும்கூட வேறு. அதே பக்கத்துப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, வந்துபோனது ஒன்றன்று, குறைந்தது இரண்டு என்று தெரிந்தது. அன்றிரவு மாடியிலிருந்து ஒன்றைச் சுட்டிருந்தால், மற்றொன்று அதே வழியில் அதே குப்பைக்கு வந்திருக்கும். நாங்கள் சிறையில் இருந்திருப்போம். கழிவு கொட்டுவது பற்றிக் கொடுத்த மனுக்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. அந்த விடுதியின் விருந்தினர்களோ ஜீப்பில் விளக்கடித்துச் சிறுத்தை தேடும் உலாவுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

இரவில் அமர்வதில் உங்களுக்கு உண்மையாகவே ஆசை இருந்தால், அதைக் கற்றுக்கொள்ள ஒரு தடையும் இல்லை. பட்டா நிலத்தில், உங்கள் சொந்த மாடியிலிருந்து, இரை எதுவும் வைக்காமல் பாருங்கள். காணொளிகளில் வரும் சிவப்பு விளக்கு இங்கும் பயன்படும். ஊனுண்ணிகளின் கண்ணுக்குச் செந்நிறம் மங்கலாகவே தெரியும் என்பது டெக்சாசிலும் கோத்தகிரியிலும் ஒன்றே. விளக்கைப் புருவ உயரத்தில் பிடித்தால்தான் விழித்திரைக்குப் பின்னுள்ள படலத்தில் பட்ட ஒளி உங்கள் கண்ணுக்குத் திரும்பும். சிறுத்தைக்கும் பூனைக்கும் கண்கள் முன்னோக்கி இருப்பதால் இரு புள்ளிகளும் சேர்ந்து தெரியும்; மானுக்குப் பக்கவாட்டில் இருப்பதால் தலை திரும்பினாலும் ஒன்று ஒளிரும். சாலையில் தரையோடு செந்நிறமாக எரிவது பெரும்பாலும் பக்கிக்குருவி. புல்லில் பனித்துளி போலப் பச்சையாக மின்னுவதைப் பார்த்து முதல் நாள் எல்லோரும் பரபரப்பார்கள். அருகே போனால் ஓநாய்ச் சிலந்தி.

கண்ணைவிடக் காது முக்கியம் என்று அந்தப் பெரியவர் விளக்கையே அணைக்கச் சொல்லிவிடுவார். கடமான் ஒருமுறை கத்திவிட்டு நிறுத்தினால் சந்தேகம்; ஒரே இடத்தில் நின்று விடாமல் கத்தினால் அது எதையோ கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறது. கேளையாடு என்னும் சிறு மான் நாய் போலக் குரைக்கும், ஆனால் அற்பக் காரணத்துக்கும் குரைக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. மலையில் காற்றும் ஒரு கணக்கு: தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும், வெயிலேறியபின் பள்ளத்திலிருந்து மேலேறும். நீங்கள் மேட்டில் அமர்ந்து ஓடையைப் பார்த்தால் உங்கள் வாசனை இரவு முழுவதும் ஓடைக்குத்தான் போகும். சிறுத்தை மோப்பத்தைப் பெரிதாக நம்புவதில்லை. ஆனால் அதன் வரவைச் சொல்லவேண்டிய மான்கள் உங்களை முகர்ந்துவிட்டு வேறு பக்கம் போய்விடும். சரிவின் பக்கவாட்டில் அமர்வது நல்லது.

எந்தக் காரணத்துக்காகவும் இரவில் தேயிலைக்குள் நடக்காதீர்கள். இது சிறுத்தைக்காகச் சொல்வதன்று. படுத்திருக்கும் காட்டெருமையும், புதரிலிருந்து திடீரென்று எழும் கரடியும்தான் எங்கள் பக்கத்தில் ஆட்களை முட்டியும் கடித்தும் கிடத்துகின்றன. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிக் கால் வைப்பது தனிக் குற்றம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கருவி வாங்குவதாக இருந்தால், உடல் வெப்பத்தைக் கொண்டு இருளில் விலங்கைக் காட்டும் பெருஞ்செலவான வெப்பக் கருவிக்கு முன்னால் கேமராவை வாங்குங்கள். கோடநாட்டுப் பக்கம் மூடும் பனியில் வெப்பக் கருவியும் தூரத்தைக் காட்டாது. 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு உள்ளதாகக் கேளுங்கள். 850 உள்ளவை மங்கலாகச் சிவந்து, விலங்குக்கும் திருடனுக்கும் ஒருசேர இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நாயை இருட்டும் முன்பு கம்பிவலையும் கூரையும் உள்ள கூண்டுக்குள் விடுங்கள். சங்கிலியில் கட்டி வெளியே விடுவது சிறுத்தைக்குப் பந்தி விரிப்பதுதான். ஆடோ மாடோ அடிபட்டால் உடலை அப்புறப்படுத்தாமல் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்; அவர்கள் பார்த்து எழுதினால்தான் நிவாரணத்துக்கு வழி. முதல் கேமராவைக் கோழிக்கூட்டின் கதவைப் பார்த்து வைக்காதீர்கள். பின்பக்கச் சுவரும் கூரையும் சேரும் மூலையைப் பார்த்து வையுங்கள், எதிரே உள்ள புல்லை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றில் ஆடும் புல்லின் படங்களைத்தான் காலையில் எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.