பெண்களுக்கு வெல்டிங், ஃபிட்டர் பயிற்சி: முதலில் கையுறையைப் பாருங்கள்

கேள்வி: பெண்களுக்கு வெல்டிங், ஃபிட்டர் பயிற்சி தொடங்குகிறோம். பலர் பாதியிலேயே நின்றுவிடுவார்கள் என்கிறார்கள். எதில் கவனம் வைக்க வேண்டும்?

பதில்: தன்னம்பிக்கை வகுப்புகளைக் குறைத்து, அந்தப் பணத்தையும் நேரத்தையும் கருவிகளுக்குக் கொடுங்கள். "கை நடுங்குது, இவங்களுக்கு இந்த வேலை வராது" என்று பயிற்றுநர் சொன்னால் முதலில் கையுறையைப் பாருங்கள்.

மொத்தமாக வாங்கும்போது பெரும்பாலும் 10ஆம் அளவுதான் வரும். 7 அல்லது 8 போட வேண்டிய கை அதற்குள் போனால், விரல் நுனிகளில் கையுறைத் தோல் காலியாக மடிந்து நிற்கும். எலக்ட்ரோடை (உருகி இணைக்கும் கம்பியை) கவ்வும் ஹோல்டர் நழுவாமலிருக்க இறுக்கிப் பிடிப்பார்கள், கொஞ்ச நேரத்தில் முன்கை ஓய்ந்துவிடும். அப்புறம் ஆர்க் நீளம், அதாவது கம்பி நுனிக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்சுடரின் நீளம், நிலையாக நிற்காது. கூடினால் பொறி சிதறும், பற்றவைப்பில் துளை விழும். குறைந்தால் எலக்ட்ரோடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். மேலங்கியின் கை நீளமாக இருந்தாலும் மடித்துவிடக் கூடாது. மடிப்பில் நெருப்புத் துளி விழுந்து தங்கும்.

6 மி.மீ. தகட்டில், 3.15 மி.மீ. தடிமன் கொண்ட 6013 வகை எலக்ட்ரோடை 110 ஆம்பியரில் வைத்துத் தொடங்கலாம். ஆர்க் நீளம் ஏறக்குறைய கம்பியின் தடிமன் அளவே இருக்கட்டும். புது எலக்ட்ரோடு 350 மி.மீ. நீளம் என்பதால் நுனி ஆடத்தான் செய்யும், அது யார் கையிலும் ஆடும். முழங்கையை மேசையில் ஊன்றி, மற்றக் கையால் தாங்கச் சொல்லுங்கள். பாதி எரிந்த எலக்ட்ரோடில் பழகுவது இன்னும் எளிது. நுனியில் படிந்த கசடை மட்டும் தட்டிவிட்டுப் பற்றவைக்க வேண்டும்.

"பலம் போதாது" என்பது பாதி நேரம் கைப்பிடி நீளம் போதாமைதான். 100 நியூட்டன் மீட்டர் முறுக்கம் வேண்டிய நட்டுக்கு, 25 செ.மீ. கைப்பிடியில் ஏறத்தாழ 40 கிலோ எடைக்கு ஈடான இழுப்பு வேண்டும். 50 செ.மீ. கைப்பிடியில் 20 கிலோ போதும். அதற்காகச் சின்ன ஸ்பேனரில் பைப்பை மாட்டி நீட்டப் பழக்காதீர்கள். பைப் உருவிக்கொண்டால் முகத்தில் அடிபடும். நீளக் கைப்பிடியை வாங்கிக் கொடுங்கள், தள்ளாமல் தன் பக்கமாக இழுக்கச் சொல்லுங்கள்.

சுமைக்கும் கணக்கு உண்டு. பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நயோஷ் நிறுவனம் 1991இல் திருத்திய சூத்திரப்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலும் கையால் தூக்கப் பரிந்துரைக்கும் எடை 23 கிலோதான். உடம்பிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால் அது 11.5 ஆகிவிடும். இது ஆண் பெண் இருவருக்கும் சேர்த்துச் சொன்ன வரம்பு! கேஸ் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் நகர்த்துவதை எல்லோருக்கும் விதியாக வையுங்கள். பெண்களுக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்தால் முதல் நாளே கேலி தொடங்கிவிடும்.

பயிற்றுநருக்கு ஒரே கட்டுப்பாடு: "கொடும்மா, நான் போட்டுக் காட்டுறேன்" என்று ஹோல்டரை வாங்கக் கூடாது. காட்ட வேண்டுமானால் தனித் தகட்டில் காட்டட்டும். வருகைப் பதிவேட்டோடு, ஒவ்வொருவரும் அன்று எத்தனை எலக்ட்ரோடு எரித்தார் என்றும் குறித்துவையுங்கள். பின்தங்குபவர் யார், ஒதுங்கி நிற்பவர் யார் என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

கழிப்பறை, உடை மாற்றும் அறை, ஒரு ஷிஃப்ட்டில் குறைந்தது இரண்டு பெண்கள், மேற்பார்வையாளரைத் தாண்டிப் புகார் சொல்ல ஓர் ஆள் ஆகியவற்றை வேலை கொடுப்பவரிடம் முன்பே பேசிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் புகையில்லாத வேலைக்கு மாறி, பிறகு அதே இடத்துக்குத் திரும்பலாம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அது இல்லையென்றால் பலர் கர்ப்பத்தை மறைத்துவிட்டுப் புகையிலேயே நிற்பார்கள்.

அதைவிட முக்கியமாக, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆர்க் பிடிக்க விடுவார்கள் என்று கேளுங்கள். புதிதாக வரும் பெண்ணைக் கசடு தட்டவும் பதிவேடு எழுதவும் நிறுத்துவது சர்வசாதாரணம். வெல்டர் தகுதிக்கான ஐஎஸ்ஓ 9606-1 என்ற சர்வதேசத் தரப்படி, வெல்டர் தான் தேறிய வெல்டிங் முறையில் தொடர்ந்து வேலை செய்கிறார் என்று 6 மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளர் உறுதிசெய்து கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் 6 மாதம் போனால் அவர் தேறி வாங்கிய சான்றிதழ் செல்லாது.