ப்ளகின் விழுந்தால் பாட்டும் விழவேண்டுமா?

கேள்வி: நாற்பது டிராக் உள்ள ஒரு பாடல். திறக்கும்போதே கியூபேஸ் (இசைப்பதிவு மென்பொருள்) மூடிக்கொள்கிறது. எந்த ப்ளகின் (ஒலிகளையும் எஃபெக்டுகளையும் சேர்க்கும் துணை நிரல்) காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாளை மறுநாள் மிக்ஸ் கொடுக்கவேண்டும்.

பதில்: முதலில் ப்ராஜெக்ட் கோப்பை நகலெடுத்து வேறு டிரைவில் வையுங்கள். பதற்றத்தில் எல்லா ப்ளகின்களையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். இருக்கிற தடயமும் அழிந்துவிடும்.

ப்ளகின் பெரும்பாலும் தனியாக ஓடுவதில்லை. இசை மென்பொருளின் நினைவகத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. தனக்கு உரிமையில்லாத இடத்தை அது தொட்டால், விண்டோஸ் மொத்த மென்பொருளையும் மூடிவிடும். ஆகவே கியூபேஸின் மேல் உடனே பழி போடாதீர்கள்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் அப்ளிகேஷன் பகுதியைத் திறந்து, மென்பொருள் மூடிய நேரத்துக்குரிய பிழைப்பதிவைப் பாருங்கள். ‘ஃபால்டிங் மாட்யூல் நேம்’ என்ற வரியில் ஒரு கோப்பின் பெயர் இருக்கும். அது ப்ளகினின் பெயரானால் சந்தேகம் அதன்மேல்தான். ‘என்டிடிஎல்எல்’ என்றிருந்தால் அது விண்டோஸின் சொந்தக் கோப்பு. அதை வைத்து எதுவும் முடிவு செய்யமுடியாது. மேக் வைத்திருப்பவர்கள் கன்சோல் செயலியில் கிராஷ் ரிப்போர்ட்டைப் பார்க்கலாம்.

பெயர் கிடைக்காவிட்டால் பாதியாகப் பிரியுங்கள். ப்ளகின்கள் இருக்கும் விஎஸ்டி3 ஃபோல்டரில் உள்ளவற்றில் பாதியை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுப் பாடலைத் திறங்கள். திறந்தால், காரணம் மாற்றிய பாதியில் இருக்கிறது, திறக்காவிட்டால் மீதியில். காரணம் இருக்கும் பாதியை இப்படியே மறுபடி மறுபடி பிரித்தால், 64 ப்ளகின் இருந்தாலும் ஆறே முறையில் ஒன்றில் வந்து நிற்கும். இந்தச் சோதனை முடியும்வரை பாடலைச் சேமிக்கவே கூடாது.

கேள்வி: புதிதாக நிறுவிய ப்ளகின் தடைப்பட்டியலில் போய் உட்கார்ந்துவிட்டது. வலுக்கட்டாயமாக இயக்கலாமா?

பதில்: கியூபேஸ் 9-இல் வந்த ப்ளகின் சென்டினல் செய்யும் வேலை அது. தொடக்கத்திலேயே ஒவ்வொரு ப்ளகினையும் சோதித்து, தேறாததை ஒதுக்கிவைக்கிறது. அதை மீண்டும் இயக்க வழி இருக்கிறது. ஆனால் முதலில் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய 32-பிட் வகை ப்ளகினானால் முயற்சியே வேண்டாம்.

கேள்வி: எம்1 மேக் (ஆப்பிளின் சொந்தச் சில்லுள்ளது) வாங்கினேன். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் பழைய ப்ளகின்கள் தெரியவே இல்லை.

பதில்: அவை இன்டெல் சில்லுக்காக எழுதப்பட்டவை. லைவும் ப்ளகினும் ஒரே வகையாக இருக்கவேண்டும். ஃபைண்டரில் லைவ் செயலியின் ‘கெட் இன்ஃபோ’வைத் திறந்து, இன்டெல் நிரல்களைப் புதிய மேக்கில் ஓட்டும் ரொசெட்டா வழியாகத் திறக்கும் தேர்வை டிக் செய்யுங்கள். ப்ளகின் நிறுவனம் புதிய பதிப்பு தந்தவுடன் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பாடகர் பாடும்போது ஹெட்போனில் படபடவென்று சத்தம். இதுவும் ப்ளகின் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பஃபர், அதாவது கணினி ஒலியைக் கணக்கிட்டுச் சேர்த்துவைக்கும் இடம், போதவில்லை. நொடிக்கு 44,100 மாதிரி என்ற வேகத்தில் பஃபர் 128 மாதிரி என்றால் கணினிக்குக் கிடைப்பது 2.9 மில்லிசெகண்ட், 512 என்றால் 11.6. எதிரொலி சேர்க்கும் கனமான ரிவெர்ப்களை அணைத்துவிட்டு 128-இல் பதிவு செய்யுங்கள், மிக்ஸுக்கு 512-க்கு மாறுங்கள்.

கேள்வி: ப்ளகின் ஒலிக்கிறது, அதன் ஜன்னலைத் திறந்தால் மட்டும் எல்லாம் மூடிக்கொள்கிறது.

பதில்: கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். ப்ளகின் அமைப்புகளில் ஓபன்ஜிஎல் (கிராஃபிக்ஸ் வரையும் முறை) தேர்வு இருந்தால் அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: சந்தேகத்துக்குரிய ப்ளகின் இல்லாமல் அந்தப் பாடல் இல்லை. என்ன செய்வது?

பதில்: ரீப்பர் என்ற இசை மென்பொருளில் ஒரு ப்ளகினை மட்டும் தனிச் செயலாக்கத்தில் ஓடவிடலாம், பிட்விக் என்ற மென்பொருளிலும் அந்த வசதி உண்டு. ப்ளகின் விழுந்தாலும் பாடல் நிற்கும். கணினிக்குச் சுமை கூடும் என்பதால், சந்தேகமானதற்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

அதைவிட முக்கியம், அந்த டிராக்கை இன்றே வேவ் ஒலிக்கோப்பாக மாற்றிவிடுங்கள். என் பழைய பாடல் ஒன்றில் வீணை ஒலி முழுவதும் ஒரே ப்ளகினை நம்பியிருந்தது. கணினி மாற்றியபோது அது 64-பிட்டுக்கு வரவில்லை. நோட்டுகள் எல்லாம் இருந்தன. அந்த வீணை மட்டும் திரும்பவில்லை. அன்றிலிருந்து எந்தப் பாடலையும் முடிக்கும் நாளில், ஒவ்வொரு டிராக்கையும் பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்தே வேவாக எடுத்து, வேகத்தையும் சுருதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வைக்கிறேன்.